சிவப்பு நூல் ஓடிய ரப்பர் கயிறு

எங்கள் அப்பா எதையும் இரண்டு முறை எண்ணுவார். மூன்றாவது முறை என்னை எண்ணச் சொல்வார். இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனால்கூட அவருக்கு நிம்மதி வராது. நான் அவர் வாயைப் பார்த்துச் சொல்லியிருப்பேனோ என்று ஒரு சந்தேகம் மிஞ்சும். சங்கரன்கோவிலில் நாலு விசைத்தறி வைத்துப் பிழைக்கிறவருக்கு அந்தக் குணம் தேவைதான். அது எனக்கும் வந்து சேர்ந்தது. இன்றும் பஸ்ஸில் ஆட்களை எண்ணிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

எழுபதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, குருவிகுளம் பக்கம் பருத்தியில் காய்ப்புழு விழுந்தது. அம்மாவின் தம்பியான மாமா அங்கேதான் பருத்தி போட்டிருந்தார். மருந்தடிக்கச் சின்ன விமானம் ஒன்றைச் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் சேர்ந்து அமர்த்தினார்கள். அது இறங்கி ஏற ஒரு வெளி வேண்டும். மாமாவின் காட்டை ஒட்டி எங்கள் தரிசு கிடந்தது. ஆகாயத்தில் பறக்கிறவனுக்குத் தரையில் என்ன வேலை என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அப்பா சம்மதித்தார்.

முதல் நாள் பாதிக் காட்டுக்கு மருந்து அடித்து முடித்தது. சாயங்காலம் இறங்கும்போது ஒரு குதி குதித்தது. நின்றபோது இடது காலை மடக்கி, அந்தப் பக்கத்து இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. மருந்து விழாத பாதியில்தான் மாமாவின் பருத்தி இருந்தது.

அந்த விமானத்தின் கால்களுக்கு ஸ்பிரிங் கிடையாது. ரப்பர் இழைகளைக் கட்டாகச் சேர்த்து, மேலே நூலால் பின்னி உறை போட்ட தடித்த கயிறுதான் இறங்கும்போது இடியை வாங்கிக்கொள்ளும். இடது காலில் அது தளர்ந்துவிட்டது. புதுக் கயிறு மதராஸிலிருந்து ரயில் பார்சலில் வர வேண்டும். அது வரும்வரை மாமா தினமும் காலையில் பருத்திக்குள் போய், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

பார்சல் வந்த அன்று நானும் அப்பாவோடு போயிருந்தேன். மெக்கானிக் கடையநல்லூர்க்காரர், வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், வாய்த்துடுக்கு உள்ளவர். விமானத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டுப் பார்சலைப் பிரித்தார். அப்பா புதுக் கயிற்றை வாங்கி, தறியில் வந்த துணியைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அந்தக் கம்பெனி சரக்கு இல்ல வே."

"அதே கம்பெனிதான் அண்ணாச்சி."

"பழசுல சிவப்பு நூல் ஓடுது. இதுல நீல நூல்லா ஓடுது?"

"அது வருஷக் குறி. வருஷத்துக்கு ஒரு கலர் நூல் போடுவான். எப்பம் செஞ்சதுன்னு பாத்ததும் தெரியணும்லா."

அப்பா சிரித்தார். எங்கள் தறியில் நெய்த துண்டின் கரையில் ஒற்றைப் பச்சை நூல் ஓடும். எந்தச் சந்தையில் கிடந்தாலும் அது எங்கள் துண்டு. பக்கத்துத் தறிக்காரருக்கு ஊதா. நூலின் நிறம் மாறினால் ஆள் மாறிவிட்டான் என்று அர்த்தம். அதைத் தவிர வேறு அர்த்தம் நிறத்துக்கு இருக்கலாம் என்று எங்கள் தெருவில் யாரும் நினைத்ததில்லை.

"எங்கிட்டயே நூல்க்கதை சொல்லுதீரே வே," என்றார்.

மெக்கானிக் இடது காலை முடித்துவிட்டு, வலது காலுக்குப் போய் அதன் கயிற்றையும் அவிழ்க்கத் தொடங்கினார். அப்பா எழுந்துவிட்டார்.

"நல்ல காலை எதுக்கு அவுக்கீரு?"

"ரெண்டுலயும் சிவப்பு நூல். ரெண்டுக்கும் ஒரே வயசு. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் போகப்போகுதுன்னு அர்த்தம்."

"இரட்டைப் பிள்ளையில ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா ரெண்டு பேருக்கும் ஊசி போடுவீரோ?"

"சோடி மாட்டுல ஒண்ணு செத்துப்போனா, மிச்சக் கிழட்டோட கன்னுக்குட்டியப் பூட்டுவீகளோ?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா என் பக்கம் குனிந்து, "கேட்டதும் பதில் சொல்லுதான் பாத்தியா? முன்னாடியே யோசிச்சு வச்சிருக்கான்," என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கழற்றிய கயிற்றை மெக்கானிக் என்ன செய்வார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இடது காலின் பழைய கயிற்றைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார். வெட்டாமல் விட்டால் யாராவது வேறொரு விமானத்தில் மாட்டிவிடுவார்களாம். அப்படியானால் வலது காலின் நல்ல கயிறும் வெட்டுப்படப் போகிறது. நூல் கழிவைக்கூட எடை போட்டு விற்கிற ஊர் எங்கள் ஊர்.

"நல்ல பொருள வெட்டுதவன் ஒண்ணு கிறுக்கன், இல்லன்னா களவாணி," என்று சொல்லிவிட்டு அப்பா வலது சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கயிறு முழுசாகத் தன் கைக்கு வரும்வரை விமானம் தன் நிலத்தை விட்டு எழும்பாது என்றார். மெக்கானிக் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு இறக்கை நிழலில் உட்கார்ந்தார். விமானி தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துவிட்டார். வெயில் உச்சிக்கு ஏறி மறுபக்கம் சாய்ந்தது.

மாமா பருத்திக்குள்ளிருந்து வந்தார். வேட்டி மடியில் கட்டியிருந்த காய்களை அப்பாவின் மடியில் கொட்டினார்.

"இதையும் எண்ணுங்க அத்தான். ஓட்டை விழாதது எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க."

அப்பாவுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்துப் பக்கத்தில் வைத்தார். கடைசிக் காயிலும் ஓட்டை இருந்தது. எழுந்து கல்லைப் புரட்டித் தள்ளினார்.

மெக்கானிக்கும் கொஞ்சம் இறங்கி வந்தார். வலது காலின் கயிற்றைக் கழற்றி, வெட்டாமல் அப்பாவிடமே கொடுத்து, "இதை வச்சு எதையும் கட்டாதீக, எதையும் தூக்காதீக," என்றார். புதுக் கயிற்றைச் சங்கிலி போட்டு இழுத்து மாட்டும்போது, தெறித்தால் ஆளை அடித்துவிடும் என்று எல்லோரையும் விலக்கினார். அப்பா என்னை மட்டும் இன்னும் நாலடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை விமானம் எழும்பியது. மாமாவின் பருத்தியில் பாதி தப்பியது. தப்பாத பாதிக்கு அந்த ஒரு பகல்தான் காரணமா என்று அவர் ஒருபோதும் வாய் திறக்கவில்லை.

அப்பா கயிற்றைத் தறிக்கூடத்தில் மாட்டி வைத்து, வருகிறவர்களையெல்லாம் இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. "இதைத்தான் வெட்டப் பாத்தான்," என்பார். எதற்கும் பயன்படுத்தாதே என்று மெக்கானிக் சொன்னதே, பிறகு வந்து கேட்டு வாங்கத்தான் என்பது அவர் கணிப்பு. ஒரு வெள்ளிக்கிழமை, தறி ஓடாத நேரத்தில், உள்ளேயிருக்கும் ரப்பரின் தரத்தையும் ஊருக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்து, நூல் அறுக்கும் பிளேடால் உறையைக் கீறினார்.

உள்ளே இழைகள் நைந்த சேமியாவைப்போல் துண்டுதுண்டாக உதிர்ந்தன. அறுபடாத இழைகளை மட்டும் அப்பா பிரித்து எண்ணினார். என்னையும் எண்ணச் சொன்னார். எனக்கு ஒரு கை விரல்களே போதுமாயிருந்தன. கணக்கு ஒத்துப்போனது. நான் அவர் வாயைப் பார்த்தேனா என்று அன்று அவர் கேட்கவில்லை.

கயிற்றைத் துண்டு துண்டாக, ஒரே அளவில், வெட்டிக் குப்பைக்குழியில் போட்டார்.

"அவரு வந்து கேட்டா என்னப்பா சொல்லுவீங்க?"

"கேக்க மாட்டான்."

சாயங்காலம் மாமா வந்தார். வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, "அந்த நல்ல கயிறு எங்க அத்தான்?" என்றார்.

"எலி கடிச்சிட்டு," என்றார் அப்பா.

எலி கடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மெக்கானிக் எப்படி வெட்டினாரோ அப்படியே அப்பாவும் வெட்டியதை நான் பார்த்திருந்தேன். இரண்டையும் கூட்டிப் பார்த்து, அப்பாவும் அந்தக் கடையநல்லூர்க்காரரும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

அடுத்த சித்திரையில் எங்கள் துண்டின் கரையில் பச்சை நூல் போய் மஞ்சள் நூல் வந்தது. அதற்கடுத்த சித்திரையில் நீலம். காரணத்தை அப்பா யாருக்கும் சொல்லவில்லை. யாரை ஏமாற்றுவதற்கு இந்த ஏற்பாடு என்று பலகாலம் அவரைக் கண்காணித்துக்கொண்டே இருந்தேன்.