நாலாவது மணி

துரைசாணிக்கு என்னிடம் வேண்டியிருந்தது என் உயரம் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து அறையில் இருந்தோம். அப்பா தோட்டத்து லொறி ஓட்டினார். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். எனக்குப் பத்து வயது. துரைசாணி தோட்டத்தை நடத்திய துரையின் மனைவி, கொழும்பில் பிறந்து வளர்ந்த சிங்களப் பெண். கல்யாணம் ஆகும்வரை பாலே நடனம் படித்தவர். ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்து பிறந்த நத்தாருக்குத் துரைமார் கிளப்பில் பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி நடக்கும். அந்த வருடம் அதற்காக அவர் நான்கு சிறுமிகளை வைத்து ஒரு நடனம் அமைத்தார். நான்கு பேரும் நத்தார் மரத்தில் தொங்கும் மணிகள். வரிசையாகக் கைகோத்து நின்று, தொடக்கத்திலிருந்து முடிவுவரை கையை விடாமல் ஆட வேண்டும். அதனால் நால்வரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும்.

மூன்று பேர் இருந்தார்கள்: துரையின் மகள், பெரிய கிளாக்கரின் மகள், தோட்டத்து டொக்டரின் மகள். நாலாவது பிள்ளையின் அப்பா, துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை. அவருக்கு மாற்றம் வந்து குடும்பத்தோடு போய்விட்டார். துரைசாணி ஒரு நாள் காலையில் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, தன் மகளை வாசலில் நிறுத்தி, எங்களை ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் நிற்கச் சொன்னார். என் முறை வந்தபோது எங்கள் இரண்டு தலைகளின் மேலும் குடையைக் கிடையாக வைத்துப் பார்த்தார். குடை சரியாமல் நின்றது.

அன்று மாலை அப்பா லொறியை நிறுத்திவிட்டு வந்து சொன்னார்.

"தொரை கேட்டாரு. சரின்னுட்டேன்."

"என்ன ஆட்டமாம்?" என்றாள் அம்மா.

"இங்கிலீசு ஆட்டம். வெரல்ல நின்னு ஆடுறதாம்."

"பொம்பளப் புள்ளய மேடையில ஏத்துறதா?"

அவள் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் தோட்டத்தில் ஆட்டம் என்றால் காமன் கூத்து. அதில் ரதியாக ஆடுவதும் ஆண்தான். அப்பா துவாயை எடுத்துக்கொண்டு பீலித் தண்ணீரில் குளிக்கப் போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்து, "காலு தெரியுமா?" என்றாள். வெள்ளைக் காலுறை போடுவார்களாம் என்றேன். "அப்ப சரி," என்றாள்.

விரலில் நிற்கவெல்லாம் இல்லை. அதற்கு எங்களுக்கு வயது போதாது என்று துரைசாணி முதல் நாளே சொல்லிவிட்டார். மெல்லிய தோல் சப்பாத்து, மேலே ஒரு இலாஸ்டிக் பட்டி. சின்னத்துரையின் மகள் விட்டுப்போன சோடியை எனக்குக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ரப்பர் மலையில் நடக்க முடியாது. சொப்பிங் பேக்கில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு பங்களாவுக்கு ஏறுவேன். மற்ற மூவரும் முன்வாசலால் போனார்கள். நான் குசினிப் பக்கத்துக் குழாயில் கால் கழுவி, ஒட்டியிருந்த அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பின்னால் போனேன். அப்படிப் போ என்று யாரும் சொல்லவில்லை.

பின்பக்க விறாந்தையில் நடனப் பழக்கம் நடந்தது. சிவப்புச் சீமெந்துத் தரை, ஒரு கசட் ரேடியோ, பிடித்துக்கொள்ள மரக்கிராதி. துரைசாணி சிங்களத்தில் பேசுவார், நடனத்துக்கு மட்டும் வேறு சொற்கள். முழங்காலை மடிக்க அவர் சொன்ன 'ப்ளியே' என்ற பிரெஞ்சுச் சொல் என் காதில் 'பிள்ளையே' என்று விழுந்தது. எங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று சில நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் மடிந்ததைப் பார்த்து நானும் மடிந்தேன். தவறு வந்தால் "ஆயெத்" என்பார். மறுபடி என்று அர்த்தம். அந்தச் சொல்லைத்தான் அதிகம் கேட்டோம்.

எனக்கு நடனம் பிடித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எண்ணிக்கை பிடித்தது. எட்டு வரை எண்ணி மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதில் ஒரு ஒழுங்கு இருந்தது. கைகோத்து நிற்பது பிடிக்கவில்லை. துரையின் மகளின் உள்ளங்கை எப்போதும் ஈரமாக இருக்கும். அவள் கெட்ட பிள்ளை இல்லை. என் சிங்களம் கடைவீதியில் பழகியது என்பதால், "நீ மீன் கடைக்காரன் மாதிரிப் பேசுகிறாய்," என்று ஒரு நாள் சிங்களத்தில் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையும் அதுதான். பெரிய கிளாக்கரின் மகள் தமிழ்ப் பிள்ளை. பங்களாவில் என்னோடு இங்கிலீசில் பேசுவாள், திரும்பி இறங்கும் வழியில் தமிழுக்கு மாறிவிடுவாள்.

டிசம்பர் பிறந்து பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் பழக்கம் தினமும் நடந்தது. கட்டிலுக்குப் போடும் நுளம்பு வலைத் துணியில் பாவாடைகள் தைத்து முடிந்தன. அந்த நாட்களில்தான் அப்பா ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனார். போன லொறி அன்று திரும்பவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம், லொறியில் கூடப் போன சிங்கள ஆள் பஸ்ஸில் வந்து எங்கள் வாசலில் நின்றார். சட்டை எல்லாம் மழை.

"அக்கா, பயப்பட வேணாம். அண்ணன ஸ்டேசன்ல வச்சிருக்கு. செக்பொயின்ட்ல எறக்கினது. லொறியும் அங்கதான்."

"எதுக்காம்?"

"தமிழ் ஆள்தானே. அதுக்குத்தான். என்ன விட்டுட்டாங்க."

அந்த நேரம் கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் விசாரிப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நடந்திருந்தது. அம்மா ஒப்பீசுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. பெரிய கிளாக்கரின் வீட்டுக்குப் போனாள். துரை கொழும்புக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வந்ததும் சொல்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். அம்மா திரும்பி வந்து என் தலையைப் பின்னத் தொடங்கினாள்.

"நீ இப்ப பங்களாவுக்குப் போற தானே. தொரைசாணி நோனாகிட்ட சொல்லு. ஆடிக்கிட்டு இருக்கிறப்ப சொல்லாத, கோவம் வந்துரும். முடிஞ்சப்புறம் சொல்லு."

போனேன். கால் கழுவினேன். சப்பாத்துப் போட்டேன். மற்றவர்களோடு கை கோத்தேன். எட்டு வரை எண்ண முடியவில்லை, ஐந்தில் விட்டுப்போனது. என்னால் மற்ற மூவரும் இடறினார்கள். "ஆயெத்," என்றார் துரைசாணி. மறுபடி ஐந்தில் விட்டேன். "ஆயெத்." அடுத்த தடவை அவர் பாட்டை நிறுத்தாமலே என் முன்னால் வந்து நின்றார். உனக்கு என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா சொன்னபடி முடியும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை.

"தாத்தாவ பொலிசியென் அல்லகென," என்றேன். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அப்பாவைப் பொலிசில் பிடித்துவிட்டார்கள்.

துரைசாணி ஒரு கேள்விதான் கேட்டார்: எப்போது? நேற்று என்றேன். உள்ளே போனார். டெலிபோன் நடையில் இருந்தது. லைன் சரியில்லாததால் இங்கிலீசில் கத்திப் பேசியது விறாந்தைவரை கேட்டது. கசட் ஓடிக்கொண்டிருந்தது. கையை விடச் சொல்லி யாரும் சொல்லாததால் நாங்கள் கோத்த கையோடு நின்றோம்.

"அவர் என்ன செய்தார்?" என்று துரையின் மகள் கேட்டாள்.

"ஒன்றும் செய்யவில்லை."

"அப்படியென்றால் ஏன் பிடித்தார்கள்?"

பெரிய கிளாக்கரின் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவுக்கும் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர்தான்.

துரைசாணி வந்து, எந்த ஸ்டேசன் என்று துரை கொழும்பிலேயே விசாரித்து நேரே அங்கே போவார், அம்மாவிடம் சொல் என்றார். பிறகு கசட்டைத் திருப்பி வைத்து, "முதலிலிருந்து," என்றார். ஆடினோம். அந்தத் தடவை நான் ஓரிடத்திலும் தவறவில்லை. அதற்குக் காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா பங்களா கேட்டுக்கு வெளியே, குடையில்லாமல் நின்றிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன். தொரை போவாராம்."

"ஆடுனியா?"

"ஆடுனேன்."

"சரி, வா."

திங்கட்கிழமை அப்பா துரையின் ஜீப்பில் வந்து இறங்கினார். துரை கண்ணாடியை இறக்கி, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா பீலியில் நெடுநேரம் குளித்தார். சோறு போட்டபோது அம்மா அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"படுக்க எடம் இருந்திச்சி. சோறு குடுத்தாங்க," என்றார்.

அம்மா இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். மீண்டும் லொறி ஓட்டத் தொடங்கியபோது அவரால் கழுத்தை இடது பக்கம் திருப்ப முடியவில்லை. பின்னால் எடுக்க வேண்டுமானால் உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்த்தார். அது சரியாக மாதங்கள் ஆயின.

நான் தொடர்ந்து ஆட வேண்டுமா என்று அம்மா ஒரு முறை கேட்டாள். அப்பா கோபப்படாமல்தான் பதில் சொன்னார்.

"தொரை வந்துதான் என்ன எடுத்தாரு. இப்ப போயி புள்ள வராதுன்னு எப்பிடி சொல்றது?"

அதற்குப் பிறகு நான் பழக்கத்துக்குப் பிந்திப் போகவே இல்லை. வயிற்றுவலி வந்த நாளிலும் போனேன்.

நிகழ்ச்சி நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. மேடைக்கான மரம், திரை, ஆட்கள் உட்காரும் கதிரைகள் எல்லாம் அப்பாவின் லொறியில் போயின. அம்மாவும் நானும் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். மழை விடவில்லை. கிளப்பின் பின்பக்கம் புல் முழங்கால் வரை வளர்ந்து கிடந்தது. அதைக் கடந்துதான் உடை மாற்றும் அறைக்குப் போக வேண்டும். காலைத் துடைத்து, அவசரமாக வெள்ளைக் காலுறையை இழுத்துவிட்டேன். உள்ளே ஒரு அட்டை இருந்தது எனக்குத் தெரியாது. அட்டை கடித்தால் வலிக்காது.

திரை விலகியது. வெளிச்சம் கண்ணில் அடித்ததால் ஆட்கள் தெரியவில்லை, சுருட்டு வாசம் மட்டும் வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். இரண்டாவது எட்டில் டொக்டரின் மகள் என் காலைப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் என் கையை இறுக்கின.

"ரத்தம்," என்றாள் வாயை அசைக்காமல்.

குனிந்து பார்க்க முடியாது, நான்கு தலைகளும் ஒரே பக்கம் திரும்ப வேண்டும். பக்கம் மாறும்போது ஒரு கணம் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால்வரை சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. பாயும் கட்டத்தில் அது சப்பாத்துக்குள் போனது. கால் கொஞ்சம் வழுக்கியது. இரண்டு பக்கமும் கைகள் இருந்ததால் விழவில்லை. துரையின் மகளின் ஈரக்கை அன்று என்னை நன்றாகத் தாங்கியது. முடிவில் நால்வரும் ஒன்றாகக் குனிந்து வணங்கினோம். கை தட்டினார்கள்.

திரைக்குப் பின்னால் துரைசாணி முழங்காலிட்டு உட்கார்ந்து என் காலுறையைக் கழற்றினார். அட்டை உருண்டு விழுந்தது. மேசைத் துணி ஒன்றை மடித்து, ரத்தம் நிற்கும்வரை தன் கையாலேயே அழுத்திப் பிடித்தார்.

"ஏன் நிறுத்தவில்லை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கையை விடக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், நோனா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். துணியை மறுபடி மடித்து அழுத்தினார். அதற்குள் கொழும்பிலிருந்து வந்த விருந்தாளி அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, நான்கு மணிகளில் ஒன்றின் காலில் மட்டும் சிவப்பு நாடா கட்டியது நல்ல யோசனை என்றார். துரைசாணி எழுந்து அவரோடு போய்விட்டார்.

அம்மா குசினிக் கதவருகே வேலைக்காரர்களோடு நின்று பார்த்திருந்தாள். அப்பா வெளியே லொறியின் படியில் ஏறி நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். திரும்பும் வழியில் ஒரு வளைவு தாண்டியதும் அவராகவே பேசினார்.

"நாலு பேரும் ஒரே மாரி இருந்தீங்க. யாரு யாருன்னே தெரியல."

"எனக்குத் தெரிஞ்சிச்சி," என்றாள் அம்மா. "ரத்தம் வந்தது எம்புள்ள."

அப்பா சிரித்தார். ஸ்டேசனிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். அம்மா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கடிவாயைப் பெருவிரலால் அழுத்தியபடி வந்தாள்.

அடுத்த வருடம் துரைக்கு றக்வானைப் பக்கம் மாற்றம் கிடைத்தது. புதிய துரைசாணிக்குப் பூச்செடிகளில்தான் ஆர்வம். நான் கேகாலையில் ஒரு விடுதியில் சேர்ந்து படித்தேன். அங்கே வலைப்பந்து இருந்தது, நடனம் இல்லை. நான் தேடவும் இல்லை. அப்பா பிறகும் கொழும்புக்கு லொறி ஓட்டினார். இன்னும் இரண்டு தடவை அவரை இறக்கி விசாரித்தார்கள். இரண்டு தடவையும் அன்றைக்கே விட்டுவிட்டார்கள்.

யுத்தம் முடியும் தறுவாயில் நான் கேகாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கூட வேலை செய்தவள் ஒருத்தி கொழும்பில் பாலே நிகழ்ச்சிக்கு என்னைக் கூட்டிப்போனாள். நன்றாக ஆடினார்கள். என் கண் அவர்களுடைய வெள்ளைக் காலுறைகளிலேயே நின்றது. இடைவேளையில் நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"புடிக்கலையா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. பஸ் போயிரும்," என்றேன்.

அவள் மிச்சத்தையும் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். நான் கொழும்புக் கோட்டை பஸ் நிலையம் வரை நடந்தேன். கேகாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தது.