ஒரு பேனாவின் விலை

“கடைக்காரன்கிட்ட ஒரு பேனா இன்னா வெலன்னு கேட்டா சொல்ல மாட்டானா? இதுக்கு இன்னாத்துக்கும்மா எக்ஸு, ஒய்யி?” என்று பென்சிலைக் கீழே போட்டாள் என் அறைத்தோழி. சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில், ஒரு ஞாயிறு மத்தியானம் அது. மூன்று பேனாவும் இரண்டு நோட்டும் முப்பத்தாறு ரூபாய். இரண்டு பேனாவும் மூன்று நோட்டும் நாற்பத்து நான்கு. தனித்தனி விலை என்ன?

நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவளும் அங்கேதான், கான்ட்ராக்டில். என்னைவிடப் பத்து வயது மூத்தவள்; அக்கா என்றே கூப்பிடுவேன். உத்திரமேரூர்ப் பக்கம், புருஷனைப் பிரிந்தவள் என்பதற்கு மேல் அவள் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் பாக்கி. பாஸானால் வேலை நிரந்தரமாகும் என்று நம்பினாள். ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஞாயிறுகளில்தான் முகம் பார்த்துப் பேசுவோம். மற்ற நாட்களில் அவள் மடித்து வைத்த பாயோடுதான் இருப்பேன்.

“ரெண்டையும் கூட்டுங்கக்கா. அஞ்சு பேனா, அஞ்சு நோட்டு எம்பது ரூவா. அப்ப ஒரு ஜோடி?”

“பதினாறு.” கொஞ்சம் யோசித்தாள். “முப்பத்தாறுல ரெண்டு ஜோடி போனா மிச்சம் ஒரு பேனா. ஏய், நாலு ரூபா!” அன்று மாலைக்குள் இன்னும் ஆறு கணக்குப் போட்டுவிட்டாள்.

பரீட்சை நாளன்று அவளுக்குக் காலை ஷிப்ட், எனக்கு மத்தியானம். “ஒரு நாள் மாத்திக்கிறியாம்மா?” என்று கேட்டாள். நான் புதிதாகச் சேர்ந்தவள், சூப்பர்வைசர் திட்டுவார் என்று மறுத்தேன். உண்மை அது மட்டுமல்ல. பாஸானால் நல்ல இடம் பார்த்துப் போய்விடுவாள், நான் தனியாகிவிடுவேன் என்று பயந்தேன்.

அவள் சொல்லாமல் லீவு எடுத்துப் போய் எழுதினாள். மறுநாள் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றார்கள். “நல்லா எழுதிகீறேன்மா,” என்று மட்டும் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். என் தலையணைமேல் வினாத்தாள் இருந்தது. அதில் வந்திருந்த விலைக் கணக்கின் ஓரத்தில் விடையை எழுதி, ‘சரியா பாரு’ என்றும் எழுதியிருந்தாள். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவளிடம் போன் கிடையாது. எழுதித் தெரிவிக்கலாம் என்றால், அவள் ஊரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.