தங்கமாகிப் போன ப்ரோப்

கஸ்டமர் கம்பெனியிலிருந்து வந்த லோகநாதன் சார் ஆஸிலோஸ்கோப் திரையில் ஓடிய கோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா இது, ஒவ்வொரு பல்ஸுக்கும் ஏறிக்கினே போவுது? அளக்கிறீங்களா, ரப்பரை இழுக்கிறீங்களா?"

ஒரகடத்தில் டிரில், கட்டர் மாதிரி டூல்களுக்குக் கோட்டிங் போடுகிற பிரிவு எங்களுடையது. பிளாஸ்மா ரீடிங் நிலையாக நின்றால்தான் ஆர்டர் என்பது அவர் கண்டிஷன். ஆர்டர் இல்லையென்றால் ட்ரையலுக்கு வந்த புது பல்ஸ் ஆர்க் மெஷின் திரும்பிப் போகும். கான்ட்ராக்டில் இருந்த எனக்கும் சாந்தகுமாருக்கும் வேலை போகும். பெருமாளே, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன் மனதுக்குள்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பல்ஸ் என்றால் ஒரு மின்பொறி; அந்த ஆர்க் அடிக்கும்போது டைட்டானியம் ஆவியாகிப் பிளாஸ்மா ஆகும். கரண்ட் கடத்தாத செராமிக் குழாயில் செருகிய டங்ஸ்டன் கம்பியின் நுனியை அதற்குள் நீட்டுவோம். அதுதான் ப்ரோப். வோல்டேஜைப் படிப்படியாக மாற்றி, நுனி இழுக்கிற கரண்டை வைத்து எலக்ட்ரானின் அடர்த்தியையும் சூட்டையும் கணக்குப் போடுவோம். வோல்டேஜை மாற்றாதபோது கரண்டும் மாறக் கூடாது. எங்களுக்கோ அது ஏறியது. பிளாஸ்மா நன்றாக வருகிறது என்று நாங்களும் சந்தோஷமாக இருந்துவிட்டோம்.

ஆர்க் அடிக்கிற சேம்பரைத் திறந்தோம். வெள்ளைக் குழாய் டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங் ஏறித் தங்கமாக மின்னியது. சுவாமிக்குக் கவசம் சாத்தியதுபோல் இருக்கும். துடைக்க யாருக்கும் மனம் வந்ததில்லை. நுனியை மட்டும் தேய்த்துச் சுத்தம் செய்வோம்.

"ஏக்கா, இந்தத் தங்கம் கரண்ட் கடத்துமோ?" என்றான் திருநெல்வேலிக்கார சாந்தகுமார்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையைக் குழாயிலும் வைத்தேன். பீப் அடித்தது.

"போச்சு! குழாய் முழுசும்லா ப்ரோப் ஆயிட்டு! அதான் கரண்டைக் கூடக் கூட இழுக்கு!" என்றான் சாந்தகுமார்.

லோகநாதன் சார் குனிந்து பார்த்தார். "கவசத்தைக் கழட்டும்மா. சாமி ஒண்ணும் கோச்சிக்காது."

கம்பியைத் தொடாதபடி வாய் அகன்ற புதுக் குழாயை மாட்டினோம். இனி மேலே படலம் ஏறினாலும் கம்பியோடு சேராது. சேம்பரிலிருந்து காற்றை உறிஞ்சி வாக்குவம் இறங்கும்வரை பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டே நின்றேன்.

பல்ஸ் அடித்தது. முன்பு காட்டியதைவிட ரீடிங் மிகவும் குறைவு; நுனி மட்டும் இழுக்கிற நிஜக் கரண்ட் அவ்வளவுதான். அடுத்த பல்ஸும் அதே உயரம். சார் தானே பல்ஸ் பட்டனை அழுத்தி விடாமல் அடித்துப் பார்த்தார். கோடு அசையவில்லை.

"ஆடாம கீதும்மா! மெஷின் இங்கியே இருக்கட்டும், கோட்டிங்குக்கு டூல் லாட் அனுப்பறேன்."

சாந்தகுமார் விசிலடித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரீடிங் ஏறினால் உடனே கைதட்டாதீர்கள்; முதலில் குழாயில் மீட்டரை வைத்துப் பாருங்கள். நாங்கள் இருவரும் இன்று அதே மெஷினில் பெர்மனென்ட்.