பதினொன்றாம் ஆணியில் தொங்கும் சாவி

சாவியக்காவின் கடை ஆறடிக்கு நாலடி. உள்ளே ஒரு சாவி வெட்டும் எந்திரம், இரண்டு அரம், ஒரு முக்காலி. பின்சுவரில் ஒரு பலகை. அதில் எண் போட்ட பத்தொன்பது ஆணிகள், ஆணிக்கு ஒரு வீட்டின் மாற்றுச் சாவி. அந்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். காலை ஆறரைக்கு அக்கா எல்லோரையும் கைபேசியில் ஒரே அழைப்பில் சேர்ப்பார். ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்லி "ஆஜர்" என்பார்கள். ஓர் எண் வராவிட்டால் பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு அந்த எண்ணின் சாவியோடு கிளம்பிவிடுவார்.

நான்கு ஆண்டில் முப்பத்தொரு முறை அப்படிப் போயிருக்கிறார். இருபத்தெட்டு முறை போனில் சார்ஜ் இல்லை. மூன்று முறை சார்ஜ் இருந்தது. அந்த மூவரும் இன்றும் எண் சொல்கிறார்கள்.

இதை அவருக்கு எந்தத் துறையும் சொல்லிக்கொடுக்கவில்லை. படையில் பதினெட்டு ஆண்டு லாரி ஓட்டிய அவர் கணவர், வீடு திரும்பிய மூன்றாம் ஆண்டில், அறையைத் தாழிட்டுக்கொண்டு தற்கொலை செய்துகொண்டார். ஊரார் பூட்டையெல்லாம் திறக்கிற கை, மனிதர் அசந்து தூங்குகிறார் என்று நம்பி, அந்தக் கதவை மட்டும் தாமதமாகத் திறந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். நலத்துறை அலுவலகம் 'குடும்பப் பிரச்சினை' என்று எழுதிக் கோப்பை மூடியது. விதிக்கு விலாசம் கிடையாது, எல்லோருக்கும் சௌகரியம். அலுவலகத்துக்கு விலாசம் உண்டு. தூக்கம் வரவில்லை, தலைக்குள் சத்தம் ஓயவில்லை, மருத்துவரிடம் அனுப்புங்கள் என்று அந்த மனிதர் எழுதிக்கொடுத்த ஏழு மனுக்களும் அந்த விலாசத்தில்தான் தூசி தின்றுகொண்டிருந்தன.

"குடும்பம்னா யாரு? நானும் ஒரு நாயும்," என்பார் அக்கா. "நாய் மேல பழி போட முடியாது பாருங்க."

அதே அலுவலகம் போன மாதம் தற்கொலைத் தடுப்பு வாரம் கொண்டாடியது. ஆம், கொண்டாடியது. நிறைவு விழாவில் அக்காவுக்குச் சால்வை போடுவதாக அறிவித்தார்கள்.

விழா நாள் காலையிலும் ரோல்கால் நடந்தது. பத்தொன்பது பேரும் அழைப்பில் இருந்தார்கள். பத்தொன்பது எண்ணும் வந்தது. ஒன்பது மணிக்குப் பன்னிரண்டாம் எண்காரர், மீசை என்று எல்லோரும் கூப்பிடுபவர், இறுகிப்போன பூட்டு ஒன்றுக்கு எண்ணெய் விட வந்தார்.

"ஒயருக்கு உடம்பு சரியில்லையா? குரல் ஒரு மாதிரி இருந்துச்சே," என்றார் அக்கா. ஒயர் என்பவர் பதினொன்று, படையில் தொலைபேசிக் கம்பி இழுத்தவர், தனியாக இருப்பவர்.

மீசை சிரித்தார். "அது நான்தான்க்கா. ரெண்டு நாளா நான்தான் அவனுக்கும் சேர்த்துச் சொல்றேன். மக வீட்டுக்குப் போயிருக்கான். அங்க சத்தமா பேச முடியாது, நீயே ஆஜர் சொல்லிடுன்னான்."

"எந்த மக? அவகூடத்தான் ஆறு வருஷமாப் பேச்சுவார்த்தையே இல்லியே."

மீசையின் சிரிப்பு பாதியில் நின்றது. "பாராக்ல வராதவனுக்குக் குரல் குடுக்கலைன்னா அவன் நண்பனே இல்லக்கா," என்றார் மெதுவாக. படைவீரர் தங்கும் பாராக்கில் அது நட்பு. விடுப்பு முடிந்து தாமதமாக வருபவனைத் தண்டனையிலிருந்து காப்பாற்றும் நட்பு. அதையே இங்கும் செய்திருக்கிறார், யோசிக்காமல்.

அக்கா எந்திரத்தைக்கூட நிறுத்தவில்லை. பதினொன்றாம் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னால் மீசை.

மாடிப்படி அடியில் வீட்டு உரிமையாளர் நின்றிருந்தார். "ரெண்டு நாளா லைட் எரியல, தண்ணி ஓடல. நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். எது ஆகியிருந்தாலும் சத்தமில்லாம வெளிய கொண்டுபோயிடுங்கம்மா. வீட்டுக்குப் பேர் கெட்டுடும்."

"வீட்டுப் பேர் அப்படியேதான் இருக்கு. உங்க பேர்தான் இப்பக் கெட்டுச்சு. வழி விடுங்க."

சாவி ஒரே சுற்றில் திறந்தது. சமையலறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார் ஒயர். சலவை செய்த சட்டை, பளபளக்கும் காலணி. பக்கத்தில் அடுக்கிக் கட்டிய ஓய்வுக் காகிதங்கள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, செத்துடலாம்னு நினைச்சியா?"

"இப்பவும் நினைப்பு போகலக்கா."

"எதை வெச்சு?"

மூலையில் இருந்த தகரப் பெட்டியைக் கண்ணால் காட்டினார். அக்கா அதைத் திறக்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்துப் பெட்டியில் மாட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போன் ஆன்லதான் இருந்துச்சு," என்றார் ஒயர். "எல்லாரும் சொல்றதக் கேட்டுட்டிருந்தேன். பதினொண்ணு ஆஜர்னு சத்தம் வந்துச்சு. சரி, நான் இல்லாமலே பதினொண்ணு நடக்குது, அப்புறம் நான் எதுக்குன்னு தோணிடுச்சு."

வாசலில் நின்ற மீசை சுவரைப் பிடித்துக்கொண்டார். நீதான் சொல்லச் சொன்னாய் என்று அவர் வாய் திறக்கவில்லை. அழுதார்.

"உன் இடத்தை எவன் நிரப்பினான்?" என்றார் அக்கா. "இவன் உன் குரல்ல பேசுனது தகர டப்பா உருண்ட மாதிரி இருந்துச்சு. நான்தான் செவிடாட்டம் இருந்துட்டேன்."

அப்போதுதான் அவர் கைபேசி அடித்தது. நலத்துறை அதிகாரி.

"எங்கம்மா இருக்கீங்க? சிறப்பு விருந்தினர் மேடைக்கு வந்துட்டார். சால்வையை வெச்சுக்கிட்டு நிக்கிறோம்."

"இங்க ஒருத்தர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும் சார். உங்க ஆளுதான். வண்டி அனுப்புங்க."

"வண்டியெல்லாம் விழாவுல இருக்கும்மா. நாளைக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க, பார்ப்போம்."

தற்கொலையைத் தடுக்கும் விழாவுக்கு ஆள் ஏற்றி இறக்க வண்டி உண்டு. தடுக்க வேண்டிய மனிதனுக்கு இல்லை. எட்டாவது மனு வேண்டுமாம் அவர்களுக்கு. அக்கா இணைப்பைத் துண்டித்தார். எதையோ மிதித்துவிட்டவரைப் போல, கைபேசியைப் புடவைத் தலைப்பில் அழுந்தத் துடைத்தார். பிறகு மூவரும் வாடகை வண்டியில் போனார்கள். வழி முழுக்க ஒயரின் மணிக்கட்டை மீசை விடவே இல்லை. பொது மருத்துவமனையில் மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு, மனநல மருத்துவர் ஒருவர் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

சால்வை தபாலில் வந்தது. எந்திரத்தில் எண்ணெய் துடைக்கப் போட்டுப் பார்த்தார் அக்கா. சரிகை எண்ணெயை உறிஞ்சவில்லை, அதற்கும் லாயக்கில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஒயர் வீடு திரும்பினார். மருந்துச் சீட்டின்படி மாத்திரையை வாரத்துக்கு ஒருமுறை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பை மீசை எடுத்துக்கொண்டார். அன்று அக்கா விதியை மாற்றினார். இந்த விதி கிரகத்தில் எழுதியது அல்ல, கடைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதியது: இனி யாரும் தன் எண்ணைத் தானே சொல்லக்கூடாது. எண்கள் தெரு வரிசைப்படி கொடுத்தவைதான். ஆகவே ஒவ்வொருவரும் தனக்கு முந்தைய எண்காரர் வீட்டுக்கு நடந்து போய், முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் எண்ணைச் சொல்ல வேண்டும். கடைசி எண்ணான பத்தொன்பதைப் பார்ப்பது அக்காவின் வேலை.

பதினொன்றாம் ஆணியில் இப்போது இரண்டு சாவிகள் தொங்குகின்றன. பெட்டிச் சாவியை ஒயர் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது.

மறுநாள் காலை ஆறரைக்கு மீசையின் குரல் மூச்சு வாங்க வந்தது. "பதினொண்ணு ஆஜர். நேர்ல பார்த்துட்டேன். இன்னும் பல்லு வெளக்கல."

பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "வழிய விடுறா. நான் பத்தைப் போய்ப் பார்க்கணும்."