காது கேட்கவில்லை என்று சொல்ல முடியாதவர்கள்

ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பிரஸ் ஷாப்பில் பல வருடம் வேலை பார்த்தேன். மெஷின் தகட்டை அடிக்கும் சத்தத்தில் பேச்சு எதுவும் எடுபடாது. கைஜாடையில்தான் பேசிக்கொள்வோம். அதனால் என் இடது காது மந்தமாகிக்கொண்டு வந்தது எனக்கே தெரியவில்லை.

ஒருநாள் காலை தகடு ஏற்றிய ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்பக்கமாக வந்திருக்கிறது. ஓட்டி வந்தவன் ஹாரனும் அடித்திருக்கிறான். பக்கத்து மெஷின்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினேன். சக்கரம் என் ஷூவை உரசிக்கொண்டு போயிற்று.

"ஏம்பா, அவ்ளோ பெரிய வண்டி வருது, காதுல வுழலியா?" என்று என் காதருகே வந்து கத்தினார்.

"ஏதோ நெனப்புல இருந்துட்டேன்."

அவர் நம்பவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து, பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் மெடிக்கல் ரூமில் காதுப் பரிசோதனை என்று அறிவித்தார்கள். எங்களுக்கு மெடிக்கல் ரூம் என்றாலே பயம். முதுகுவலி என்று அங்கே அடிக்கடி போன ஒருவரை காண்ட்ராக்ட் முடிந்ததும் திரும்ப எடுக்கவில்லை. அதுதான் காரணமா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அதற்குப் பிறகு, காய்ச்சலில் படுத்தால்கூட சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லித்தான் லீவு போட்டோம். முடியாதவர்கள் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து மெஷின் முன்னால் நின்றார்கள்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் கூப்ட்டா நீங்க திரும்பறதே இல்ல. எம்மேல கோவம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். போய்க் காட்டுங்க," என்றாள்.

பரிசோதனை அன்று கம்பெனி பஸ்ஸில் பாதி சீட் காலி. என் சட்டையை இழுத்தவரும் வரவில்லை. நானும் இறங்கிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நினைத்தேன்.

கண்ணாடி அறை ஒன்றில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வலது காதில் கேட்டது. இடது காதுக்கு வந்ததும் என் நெஞ்சு அடித்துக்கொள்வதைத் தவிர ஒன்றுமே இல்லை. வெளியே உட்கார்ந்து பரிசோதித்த பெண்ணின் கை அசையும்போதெல்லாம் குத்துமதிப்பாக அழுத்தினேன்.

அவர் கதவைத் திறந்தார். கன்னடம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, நான் இன்னும் சவுண்டே கொடுக்கல. சும்மா அழுத்தாதீங்க."

எனக்கு முகம் வியர்த்துவிட்டது. அதன்பின் அழுத்தவே இல்லை.

சில நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் அறைக்கு நடந்தபோது வீட்டு வாடகை, பையனின் பள்ளிக்கூடம் எல்லாம் கண்முன் வந்துபோயின.

"உங்கள அசெம்பிளி செக்ஷனுக்கு மாத்தறோம். அங்க சத்தம் கம்மி. காதுக்கு டாக்டரையும் பாத்துடுங்க, கம்பெனியே அனுப்பும்," என்றார்.

"அதுக்கப்புறம் வேலை இருக்குமா சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேலை போய்டும்னு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

சம்பளம் குறையவில்லை. இருந்தும் பல வாரம் மேனேஜர் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒருநாள் கேன்டீனில் பழைய பக்கத்து மெஷின்காரர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். தட்டில் கை வைக்கவில்லை.

"நெசமாவே உன்ன வேலைய வுட்டு அனுப்பலியா?"

"இங்கதான இருக்கேன்."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு ரெண்டு காதுமே மந்தம்பா."

மறுநாள் நானே அவரை மெடிக்கல் ரூமுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிட்ட பிறகும் விடவில்லை.