பயிற்சி நேரத்தில் குழந்தைகளுடன் இருந்தவர்

என் ஓரகத்திக்கு மூன்று தங்கைகள். மூத்தவளும் கடைசியும் கல்யாணமாகிப் போனார்கள். பிள்ளைகுட்டி, பேரன் பேத்தி என்று அவர்கள் கதை வேறு. நடுவில் உள்ளவள் அக்கா வீட்டோடு தங்கிவிட்டாள். அவள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும், ஒரு உறையில் விலாசம் எழுத வேண்டும் என்றால் எங்கள் இரண்டு குடும்பத்திலும் அவளைத்தான் கூப்பிடுவோம். முத்தெழுத்து என்று யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

பத்தொன்பது வருஷம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி இடம். முன்னால் ஒரு கூடம். அதை ஒட்டித் தூங்கும் அறை. தரையில் வரிசையாகச் சின்ன மெத்தைகள். வாசல் சுவரில் உரிமச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

அது சும்மா கிடைத்த காகிதம் இல்லை. வருஷத்துக்கு நாலு தடவை அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடக்க வேண்டும். தீப்பிடித்தால் பிள்ளைகளை எந்த வழியாக வெளியே கொண்டுபோவது, தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வது, கைக்குழந்தையை எப்படிப் படுக்கவைப்பது, இதெல்லாம். நடந்தால் மட்டும் போதாது. நடந்தது என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். தேதி, சொல்லிக்கொடுத்தவர், எத்தனை மணி நேரம், வந்தவர்கள் பெயர், கையெழுத்து. பக்கத்தின் அடியில் ஒரு கட்டம்: ‘பயிற்சி நேரத்தில் குழந்தைகளுடன் இருந்தவர்.’ எல்லோரும் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது? அதற்காக.

அந்தக் கட்டத்தில் பத்தொன்பது வருஷமும் ஒரே பெயர்தான் இருந்தது.

வேறு யாராவது உள்ளே போனால் ஒரு பிள்ளை அழும். அதைப் பார்த்து ஒன்பது அழும். இவள் போனால் அடங்கிவிடும். அதனால் பயிற்சி என்றாலே நிர்வாகி அம்மா இவளைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், இவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். கதவை ஒரு சாண் திறந்துவைத்துக்கொண்டு, மடியில் ஒன்றைத் தட்டிக்கொண்டே கூடத்தில் சொல்வதையெல்லாம் கேட்பாள். வீட்டுக்கு வந்து தலையணையை முழங்கையில் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பார்ப்பாள். என் ஓரகத்தி சிரிப்பாள்: “தலையணைக்கு உசிரு வந்துச்சாடி?”

பயிற்சி முடிந்ததும் பதிவேட்டை எழுதுகிறவளும் இவள்தான். அங்கே கூட வேலை பார்த்த ஒருத்திக்கு ரேடியோ என்று பெயர், வாய் மூடாது. அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்:

“நீயும் ஒரு கையெழுத்தப் போட்டுத் தொலையேன். நான் பாதி நேரம் தூங்கிட்டுத்தான் இருந்தேன், நான் போடலையா?”

“நீ தூங்கினாலும் நாற்காலியில தூங்கினே. நான் உள்ள இருந்தேன்னு கீழ எழுதியாச்சு. ஒரே ஆளு ரெண்டு எடத்துல எப்படிடி இருக்கிறது?”

“ஆமா, உன் பேனா வானத்துலேருந்து குதிச்சிருக்கு!”

போன வருஷம் ஒரு நாள், இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு ஆப்பிள் துண்டு தொண்டையில் சிக்கிக்கொண்டது. சத்தமே வரவில்லை, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் நாலு பேர் பக்கத்தில்தான் இருந்தார்கள். ரேடியோ தண்ணீர் கொண்டுவா என்று கத்தினாளாம். முத்தெழுத்து ஓடிவந்து பிள்ளையை முழங்கையில் கவிழ்த்து, முதுகில் உள்ளங்கையால் அஞ்சு தட்டு தட்டினாள். அஞ்சாவது தட்டில் துண்டு தெறித்து விழுந்தது. பிள்ளை அழுதது.

பிள்ளையின் அப்பா நல்ல மனுஷன். காப்பகத்துக்கு வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதோடு விட்டிருக்கலாம். உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு நன்றி சொல்லி ஒரு கடிதமும் போட்டான்.

பத்து நாள் கழித்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். சின்ன வயசு, கெட்டவள் என்றும் சொல்ல மாட்டேன்.

“அந்தக் குழந்தையக் காப்பாத்தினது நீங்கதானா? ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. உங்க பயிற்சிப் பதிவக் காட்டுங்க, அறிக்கையோட சேக்கணும்.”

முத்தெழுத்து பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி புரட்டினாள். மேலே தேடுவாள், இருக்காது. அடியில் பார்ப்பாள், இருக்கும். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். இதற்கு முன்னால் வந்த அதிகாரிகள் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள். இவள் பழைய பதிவேடுகளையும் எடுத்துவரச் சொன்னாள்.

“மேடம், அவங்க கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாத்தையும் கேட்டவங்க” என்றார் நிர்வாகி அம்மா.

“கேட்டதுக்குக் கட்டம் இல்லையே. யாரு எழுதினது இதெல்லாம்?”

“நான்தாங்க” என்றாள் இவள்.

“இவ்வளவு சுத்தமான பதிவேட்ட நான் எங்கயும் பாத்ததில்ல” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். இனி ஓரத்தில் ஒரு பெயரை நுழைக்கவும் வழியில்லை.

உத்தரவு வந்தது. பயிற்சி இல்லாத ஆள் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் போகக் கூடாது. முப்பது நாளில் சான்றிதழ் காட்டினால் போகலாம். இல்லாமல் உள்ளே விட்டால் உரிமம் போய்விடும். கூடத்தில் நடக்கிற பயிற்சி ஏற்கெனவே பதிவு உள்ளவர்களுக்குப் புதுப்பிக்கத்தானாம். ஒன்றுமே இல்லாதவர்கள் பயிற்சி நிலையத்தில் போய் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

நானும் என் ஓரகத்தியும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். விண்ணப்பத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பினாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, “பத்தாவது சான்றிதழ் எங்கம்மா?” என்றார்.

“எட்டு வரைக்கும்தாங்க படிச்சேன்.”

“அப்ப கம்ப்யூட்டரே உள்ள விடாதும்மா.”

என் ஓரகத்தி பொங்கிவிட்டாள். “எனக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்து நான் படுத்த படுக்கையாக் கெடந்தேன். பாத்துக்க ஆளில்லன்னு இவளப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்தினாங்க. பதிமூணு வயசுலேருந்து பிள்ளை பாக்கறா! இவளுக்கு நீங்க என்ன சொல்லிக்குடுக்கப் போறீங்க?”

“அதுக்கு நான் என்னம்மா செய்யறது? பின்னாடி ஆளு நிக்கிறாங்க.”

“விடுக்கா” என்று இவள் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி, மடங்காமல் பைக்குள் வைத்தாள். அந்த ரெட்டையில் மூத்தவன் இப்போது வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கிறான். போனில் சொன்னோம். “சித்தி, எல்லாத்துக்கும் ஆன்லைன்ல வழி இருக்கும், நான் பாத்துச் சொல்றேன்” என்றான். அப்புறம் கூப்பிடவில்லை. அவனுக்கு என்ன நெருக்கடியோ.

முப்பது நாள் ஓடிப்போயிற்று. நிர்வாகி அம்மா இவளைக் கைவிட மனமில்லாமல் வாசல் மேஜையில் உட்காரவைத்தார். வருகிற பிள்ளைகளின் பெயர் எழுதலாம், பதிவேடு எழுதலாம். பிள்ளைகளைத் தொடக் கூடாது. காலையில் அம்மா இடுப்பிலிருந்து அவளிடம் தாவ வருகிற பிள்ளையைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாளாம்.

அடுத்த பயிற்சி நாள் வந்தது. உள்ளே ஒரு புதுப் பெண்ணை அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் முத்தெழுத்து முதல்முறையாகக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு பொம்மையை நீட்டி, தொண்டையில் சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று ரேடியோவைக் கேட்டார். அவள் பொம்மையை நிமிர்த்திப் பிடித்துக் குலுக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். இவள் எழுந்து செய்து காட்டினாள்.

“இதுதான் சரி. எல்லாரும் பாத்துக்கங்க. உங்க பேரு என்னம்மா?” என்று பட்டியலைப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். “உங்க பேரு இதுல இல்லையே.”

“இருக்காதுங்க” என்றாள்.

அந்த நேரத்தில் உள்ளே ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. பிறகு வரிசையாக எல்லாம். கூடத்தில் இருந்தவர்கள் பழக்கத்தில் இவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இவள் பாதி எழுந்துவிட்டாள்.

“வேணாம்மா. நீ போகக் கூடாது” என்றார் நிர்வாகி அம்மா.

உட்கார்ந்துகொண்டாள். அழுகை முக்கால் மணி நேரம் ஓயவில்லை. முடிந்ததும் பதிவேட்டைத் திறந்து தேதி போட்டாள், மற்றவர்கள் பெயரை எழுதினாள், கையெழுத்து வாங்கினாள், அடிக் கட்டத்தில் புதுப் பெண்ணின் பெயரை எழுதினாள். மறுநாளிலிருந்து போகவில்லை.

ரேடியோ வீட்டுக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். நிர்வாகி அம்மாவும் வந்தார். நான் போனபோது அவள் அக்கா வீட்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“வேற காப்பகம் எதுலயாவது கேட்டுப் பாரேன். உன் கைராசி ஊருக்கே தெரியுமே” என்றேன்.

“எங்க போனாலும் பதிவத்தானே அக்கா கேப்பாங்க” என்றாள்.

அவளுக்கு இப்போது ஐம்பத்து மூன்று. பிள்ளை பார்ப்பதைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டில் இனிமேல் பிள்ளை பிறக்கவும் ஆளில்லை.