திருப்பி வாங்க முடியாத ஜெபம்

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிப் பாஸ்டர். மேடை, மைக் எல்லாம் மற்ற பாஸ்டர்களுக்கு. இவருக்கு வாய்த்தது கட்டில்கள். காலையில் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வார்டு வார்டாகப் போய் நோயாளிகளுக்காக ஜெபிப்பார். கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார்: "இது வேலை இல்ல, அழைப்பு. விடச் சொல்லி மட்டும் கேக்காதே." நானும் தலையாட்டினேன். மாப்பிள்ளை களையாக இருந்தால் எந்தப் பெண்தான் ஆட்டமாட்டாள்?

அந்த மனிதர்தான் இப்போது போன் மணி அடித்தாலே நடுங்கினார். ஊரெல்லாம் விஷக் காய்ச்சல். தினமும் யாரையாவது வழியனுப்பிவிட்டுத்தான் வீடு திரும்புவார். தட்டில் போட்டது அப்படியே இருக்கும். ஜெபிக்க நாற்காலியருகே முழங்கால் போடுவார், உடனே எழுந்துவிடுவார்.

"ஆளில்லாத வீட்டுல நின்னு கூப்பிடற மாதிரி இருக்கு. யாருமே கேக்கலைன்னா? இத்தனை பேர் கிட்டயும் நான் பொய் சொல்லியிருந்தா?"

"முதல்ல சாப்பிடுங்க. பட்டினி வயித்துக்கு அப்படித்தான் தோணும்" என்று அதட்டினேன். எனக்கும் உள்ளூரப் பயம்தான். அவர் விசுவாசத்தில் ஒண்டிக் குடியிருந்தவள் நான். வீட்டுக்காரரே காலி செய்தால் குடியிருப்பவள் எங்கே போவாள்?

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. ஜெபிக்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. கட்டிலருகே போனதும் கண்ணை மூடிக்கொள்வது இவர் வழக்கம். பிறகு நோயாளியின் நெற்றியில் கை வைப்பார். அன்று ஒரு பெரியவருக்குக் கடைசி மூச்சு என்று கூப்பிட்டிருந்தார்கள். காலையில் கட்டில்களை மாற்றிப் போட்டது இவருக்குத் தெரியாது. களைப்பில் முகத்தையும் பார்க்கவில்லை. பெரியவரின் வழக்கமான கட்டிலுக்குப் போய், கண்ணை மூடி, கை வைத்து, "ஆண்டவரே, இந்த ஆத்துமாவை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று உருக்கமாக ஜெபித்தார்.

"ஐயோ! எனக்கு என்ன ஆச்சு?" என்று கத்தியபடி எழுந்து உட்கார்ந்தது ஆத்துமா. வயிற்று ஆபரேஷனுக்காக வந்திருந்த லாரி டிரைவர்.

வார்டே சிரித்தது. இவர் பதறிப்போய்ப் பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினார். பெரியவர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இனி போகமாட்டேன். அந்தப் பெரியவர் என்னைத்தான் எதிர்பார்த்துக் கிடந்தாரு. ரெண்டு அடி தூரத்துல நான் வேற யாருக்கோ ஜெபிச்சேன்." அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. 'விடுங்கள்' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மறுநாள் காலை நர்ஸ் போன் செய்தாள். நான்தான் எடுத்தேன். "அக்கா, அந்த டிரைவர் ஆபரேஷனுக்கு வரமாட்டேன்னு கட்டிலைப் பிடிச்சிட்டு இருக்காரு. பாஸ்டர் அவரை மேல அனுப்பிட்டாராம். அவரே வந்து அந்த ஜெபத்தைத் திருப்பி வாங்கினாத்தான் வருவாராம். இன்னிக்கே பண்ணலைன்னா உயிருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்றாரு."

கேட்டதும் இவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். பொத்தானை மாற்றிப் போட்டார், நான்தான் சரியாகப் போட்டுவிட்டேன். நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பாதியில் இவர் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஜெபம் வரலையே. என்னத்தைச் சொல்லுவேன்?"

"வராட்டி போகட்டும். நீங்க வாங்க" என்றேன்.

டிரைவர் மலைபோல ஆள். போர்வைக்குள் குழந்தைபோல ஒடுங்கிக் கிடந்தார். "வாங்கய்யா. நேத்து போட்டதை வாபஸ் வாங்குங்க."

இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. "வாபஸ் வாங்க முடியாதுங்க. செத்தாத்தான் ஆண்டவர் கையில இருக்கணும்னு இல்லையே. உயிரோட இருக்கறவனுக்கும் அதே கைதான்."

"கை இருக்கறது நிச்சயம்தானே?"

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்படித்தான் நம்பி இத்தனை வருஷம் வந்தேன். கொஞ்ச நாளா எனக்கே பயமா இருக்கு. இங்க வரவே பயந்துட்டுத்தான் வந்தேன்" என்றார் இவர்.

போச்சு, காரியத்தைக் கெடுத்தார் என்று நினைத்தேன். டிரைவர் இவர் கையையே பார்த்தார். அது கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டும் வந்தீங்களா?"

"வந்தேன்."

டிரைவர் கட்டிலை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்தார். "அப்போ ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் கூட வாங்க. நான் வெளிய வர்றப்போ இங்கேயே இருக்கணும்."

இவர் தள்ளுவண்டியோடு நடந்து போனார். கதவு மூடியதும் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போனது. "இன்னும் ஆளில்லாத வீடாத்தான் இருக்கு" என்றார் ஒருமுறை. ஆனாலும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. பயம் தாங்காமல் நானும் வாய்க்குள் கூப்பிட ஆரம்பித்தேன். சொந்தமாக, முதல்முறையாக.

கதவு திறந்து வண்டி வந்தது. டிரைவர் மயக்கம் தெளியாமல் பாதிக் கண்ணைத் திறந்து இவரைத் தேடினார்.

"போகலியா?"

"போகலை" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்குள் நர்ஸ் வந்து, கீழ் வார்டில் ஓர் அம்மாவுக்கு மோசமாக இருப்பதாகச் சொன்னாள். இவர் முகம் வெளுத்துவிட்டது. "எந்தக் கட்டில்?" என்று கேட்டுக்கொண்டு படியிறங்கினார்.